களத்தில் ஒப்பு, கரையில் இழிவு: விளையாட்டு அறம் குறித்துச் சில சிந்தனைகள் (கோலார் தங்கவயலை முன்வைத்து)

தமிழில் விளையாட்டு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நாட்டுப்புற விளையாட்டுகளைத் தொகுத்தல், வகைப்படுத்தல், பெயர்க்காரணம் கூறல் என்ற எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. விளையாட்டின் விதிகளை விரிவாகப் பதிவு செய்த நாம், விளையாடுபவர் யார், அவரைக் கரையில் நின்று காண்போர் யார், ஆட்டம் முடிந்தபின் அவருக்கும் இவர்களுக்கும் இடையே என்ன நிகழ்கிறது என்பனவற்றை மிகுதியும் வினவவில்லை. அவ்வினாக்களுள் ஒன்றை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஆட்டவிதி தரும் சமத்துவம் விளையாடுபவருக்கு மதிப்பைப் பெற்றுத் தருமா? வென்றால்தான் மதிப்பு என்றால், அது உண்மையில் அவருடைய மதிப்புதானா?

இவ்வினாவைக் கோலார் தங்கவயலில் இருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. கர்நாடக மாநிலத்திற்குள் அமைந்த இத்தமிழ் ஊரின் மக்களில் பெரும்பான்மையோர் வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி முதலிய பகுதிகளிலிருந்து சுரங்கத் தொழிலுக்கு வந்த ஒடுக்கப்பட்ட சமூகத்தினரின் வழித்தோன்றல்கள். சாதியால் விளிம்பு, மொழியால் விளிம்பு, 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் பொருளியலாலும் விளிம்பு என்னும் மூன்று நிலைகள் இங்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. இவ்வூர் இளைஞர் ஒருவர் பந்தையோ மட்டையையோ கையில் எடுக்கும்போது இம்மூன்றும் அவருடன் களத்திற்குள் வருகின்றன.

சொல் பற்றிய சிக்கல்

இனவெறி, இனவாதம், நிறவெறி ஆகிய சொற்கள் தமிழில் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. சாதி இழிவை இச்சொற்களால் குறிக்கலாமா என்பது பழைய விவாதம். 2001 ஆகஸ்டு இறுதியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தொடங்கிய ஐக்கிய நாடுகள் அவையின் இனவெறிக்கு எதிரான மாநாட்டில், சாதியையும் விவாதப் பொருளாக்க வேண்டும் எனத் தலித் அமைப்புகள் வற்புறுத்தின; இந்திய அரசு அதனை எதிர்த்தது. மறு ஆண்டில், இனப் பாகுபாட்டு ஒழிப்புக்கான ஐ.நா. குழு, 'வம்சாவழி' என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று தன் 29-ஆம் பொதுப் பரிந்துரையில் விளக்கியது. சமூகவியலாளர்கள் இவ்விவாதத்தைத் தொடரட்டும். விளையாட்டுக் களத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வகையில் செயல்படுகின்றன. ஒருவர் செய்த செயலுக்காக அன்றி, அவர் பிறந்த பிறப்புக்காக அவரைத் தாழ்த்துவதே இரண்டிலும் நிகழ்வது. ஆகவே இக்கட்டுரையில் 'இழிவு' என்ற சொல்லே இரண்டுக்கும் பொதுவாக ஆளப்படுகிறது. இச்சொல்லுக்குத் தமிழ் விளையாட்டுப் பாடல்களிலேயே ஒரு வரலாறு இருப்பது அதற்கு மற்றொரு காரணம்.

ஆமூர்க் களம்

புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியன. தந்தை தித்தனோடு பகைத்து நாடிழந்து சென்ற இவன், முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனை மற்போரில் வென்றதைச் சாத்தந்தையாரும், அவன்மீது காதல் கொண்ட நிலையில் நக்கண்ணையாரும் பாடினர். வீரம், கைக்கிளை என்ற துறைகளுக்குள் வைத்தே இப்பாடல்களைப் படித்துப் பழகியுள்ளோம். இவற்றை ஒரு விளையாட்டு நிகழ்வின் பதிவாகப் படித்தால் வேறு சில செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது, 82-ஆம் பாடல். மற்போரின் விரைவைச் சாத்தந்தையார் ஓர் உவமையால் உணர்த்துகிறார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இந்நிலையில் கட்டிலுக்கு வார் பின்னும் ஒருவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து செல்லுமோ, அதனினும் விரைவாக நடந்தது அம்மற்போர் என்கிறார். உழைப்பவனின் நெருக்கடியை இத்தனை நுட்பமாக அறிந்த கவிஞர் அவனை 'இழிசினன்' என்ற சொல்லால் சுட்டுகிறார். 287, 289 ஆகிய பாடல்களில் பறையும் துடியும் முழக்குவோருக்கும் இச்சொல் வருகிறது. அக்காலத்தில் இச்சொல் பிறப்பைக் குறித்ததா, தொழிலைக் குறித்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், ஒருவனின் கைத்திறன் அரசனின் வெற்றிக்கு உவமையாகும் அதே அடியில், அவன் பெயர் இழிவைச் சுமக்கிறது. திறனைப் பயன்கொள்வதும் ஆளைத் தாழ்த்துவதும் ஒரே வாக்கியத்தில் உறழ்வின்றி அமர முடிகிறது. பின்வரும் எடுத்துக்காட்டுகள் அனைத்திலும் இவ்வமைப்பைக் காண்போம்.

இரண்டாவது, 84-ஆம் பாடல். புற்கை உண்டும் பெருந்தோள் உடையவன் என்று நக்கண்ணையார் தன் தலைவனைக் கூறுகிறார். அரச மகன் கூழ் குடித்து மற்போருக்கு இறங்குகிறான். தங்கவயல் மாணவர்களுக்கு இப்பாடலை நடத்தும்போது 'புற்கை' என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. காலையில் கூழ் குடித்துவிட்டுத் திடலுக்குச் செல்பவர்கள் வகுப்பிலேயே இருந்தனர்.

மூன்றாவது, 85-ஆம் பாடல். இதுவே நம் வினாவுக்கு மிக நெருக்கமானது. தலைவனுக்கு இது சொந்த ஊரும் அன்று, சொந்த நாடும் அன்று. அதனால் காண்போர் இரு பிரிவாகின்றனர். வெற்றி அவனுடையது என்பர் ஒரு சாரார், அன்று என்பர் மறு சாரார். களத்தில் நிகழ்ந்தது ஒன்றுதான். ஆனால் கரையில் அதற்கு இரண்டு தீர்ப்பு வழங்கப்படுகிறது. தீர்ப்பைப் பிரித்தது ஆட்டம் அன்று, ஆடியவன் அயலான் என்ற செய்தியே. இவ்விரு கூற்றையும் நல்லோர் பலரின் 'நன்மொழி' எனத் தலைவி குறிப்பதில் எள்ளல் தொனிப்பதாகக் கொள்ள இடமுண்டு. அவள் வாதிடவில்லை. பனைமரம் ஒன்றில் சாய்ந்து நின்று, தன் கண்ணால் வெற்றியைக் காண்கிறாள். கரையில் நின்றவர்களுள் ஆட்டத்தை ஆட்டமாகக் கண்டவள் அவள் ஒருத்தியே.

பந்தும் கோப்பையும்

இந்திய விளையாட்டு வரலாற்றில் இழிவின் அமைப்பைத் துலக்கமாகக் காட்டும் வாழ்க்கை பல்வங்கர் பாலுவுடையது. 1876-இல் இன்றைய கர்நாடகத்தின் தார்வாடில், தோல்தொழில் செய்யும் சாமர் சமூகத்தில் பிறந்தவர் அவர். புனே நகரில் ஐரோப்பியரின் மன்றத்தில் ஆடுகளம் பெருக்கி, உருளை இழுத்து, வலை கட்டும் பணியாளராக இருந்து, ஆங்கில அதிகாரிகள் மட்டை வீசிப் பழகுவதற்காக மணிக்கணக்கில் பந்து வீசிய இடக்கைச் சுழல் பந்து வீச்சாளர். மட்டை பிடிக்கும் வாய்ப்பு அங்கு அவருக்குத் தரப்படவில்லை. பின்னர் புனே இந்துக்களின் அணி ஐரோப்பியரை வெல்ல வேண்டிய தேவை எழுந்தபோது அவருக்கு அழைப்பு வந்தது. களத்தில் அவர் வீசிய பந்தை மேல்சாதி வீரர்கள் பிடித்தனர், எறிந்தனர், துடைத்தனர். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் ஆட்டக்காரர் கூடத்திற்கு வெளியே, தூக்கி எறியத்தக்க மண் கோப்பையில் தேநீர் தரப்பட்டது. இராமச்சந்திர குகா தம் கிரிக்கெட் வரலாற்று நூலில் இவற்றை விரிவாக எழுதியுள்ளார்.

இங்குச் சற்று நின்று எண்ண வேண்டும். கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. பாலுவின் சமூகத்தை இழிந்ததாக்கியதும் தோல்தான். அவர் கை பட்ட தோற்பந்து கைமாறிக் கைமாறி அணி முழுவதையும் தொட்டு வந்தது. அதில் தீட்டு இல்லை, கோப்பையில் உண்டு. தீட்டு என்பது பொருளில் இருப்பதாகச் சொல்லும் கோட்பாடு தன் பொய்ம்மையை இதைவிட வெளிப்படையாகக் காட்டிக்கொள்ள முடியாது. வெற்றிக்குத் தேவைப்படும் இடத்தில் தீட்டு விலகி நிற்கிறது. தேவை முடிந்த எல்லைக்கோட்டில் மீண்டும் வந்து சேர்ந்துகொள்கிறது. ஆட்டத்தின் எல்லைக்கோடு ஒருவகையில் தீட்டின் எல்லைக்கோடாகவும் ஆகிவிடுகிறது.

1911-இல் பட்டியாலா மகாராசா தலைமையில் இங்கிலாந்து சென்ற அனைத்திந்திய அணியில் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1920-இல் அவர் சகோதரர்கள் அணியிலிருந்து விலகி நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். 1923-இல் அவருடைய தம்பி விட்டல் அணித்தலைவரானார். பாலுவின் வாழ்க்கையைத் 'திறமை சாதியை வென்றது' என்று சுருக்கிச் சொல்வது இன்று வழக்கமாகியுள்ளது. இச்சுருக்கத்தை ஏற்க இயலாது. திறமை சாதியை வென்றிருந்தால் 114 விக்கெட்டுகளே போதுமானவை. ஒன்பது ஆண்டுகள் கழித்து விலகல் போராட்டம் தேவைப்பட்டிருக்காது. தலைமையை ஈட்டித் தந்தது பந்துவீச்சு மட்டுமன்று. விளையாட மறுத்த செயலும் சேர்ந்தே ஈட்டித் தந்தது.

நிலத்தடியும் நிலத்தின் மேலும்

ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880-இல் தொடங்கிய சுரங்கத் தொழில் தங்கவயலில் இரண்டு ஊர்களை உருவாக்கியது. ஐரோப்பியருக்கு மாளிகைகள், மன்றம், கோல்ஃப் திடல், ஜிம்கானா மைதானம். தொழிலாளருக்குத் தட்டி வீடுகள் வரிசையாக அமைந்த 'லைன்கள்'. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது என்று பெருமையாகக் கூறுவதுண்டு. அம்மின்சாரம் முதலில் சென்றது இயந்திரங்களுக்கு, லைன்களுக்கு அன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் உடையது. அவ்வாழத்தில் பாறை வெடித்துச் சரியும்போது அது சாதி பார்ப்பதில்லை. ஒரே கூண்டில் இறங்கி, ஒருவர் கைவிளக்கை மற்றவர் நம்பி நடந்தவர்கள், மேலே வந்ததும் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்தனர். பாலுவின் ஆட்டக்களத்துக்கும் சுரங்கத்துக்கும் உள்ள ஒப்புமை இங்குதான். வேலை நடக்கும் எல்லைக்குள் உடல்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. எல்லைக்கு வெளியே அச்சார்பு மறக்கப்பட்டது.

மற்றொன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். சுரங்கத் தொழிலாளியின் உடல் எப்போதும் ஐயத்துக்குரிய உடலாகவே நடத்தப்பட்டது. தங்கத்தைக் கடத்துவான் என்ற முன்முடிவுடன், பணி முடிந்து வெளிவரும்போது அவன் சோதனை செய்யப்பட்டான். எண் பொறித்த பட்டையைக் கையில் அணிய வேண்டியிருந்தது. 1930-இல் கைரேகைப் பதிவு முறையைக் கொணர்ந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வுக்கான போராட்டங்களைப் போல இதனை வரலாற்று நூல்கள் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் குற்றவாளியைப் போல அடையாளம் இடப்படுவதை மறுத்த இப்போராட்டம், உடலின் மதிப்புக்கானது என்ற வகையில் தனித்து நோக்கத்தக்கது.

இப்போராட்டத்திற்கான கருத்து நிலம் முன்பே உழப்பட்டிருந்தது. 1907-இல் தமிழன் இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை கொண்டிருந்தது. அவர் மறைவுக்குப் பின், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தமிழன் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளரின் சிறு நன்கொடைகளும் வாசிப்பும் ஒரு சிந்தனை மரபைத் தாங்கிப் பிடித்தன. அயோத்திதாசர் முன்வைத்த வரலாற்று விளக்கத்தின் ஒவ்வொரு சான்றையும் இன்றைய ஆய்வாளர் ஏற்க வேண்டியதில்லை. அவ்விளக்கத்தின் அறவியல் அமைப்பு வேறு. அதுவே இங்கு முதன்மையானது. ஒடுக்கப்பட்டோர் தாழ்ந்தோர் அல்லர், தாழ்த்தப்பட்டோர்; அவர்கள் புதிதாக உயர வேண்டியவர்கள் அல்லர், முன்பே இருந்த மதிப்பு பறிக்கப்பட்டவர்கள் என்பதே அவர் நிலைப்பாடு. இதன்படி மதிப்பு என்பது ஈட்டப்படுவது அன்று. எவரும் வென்று காட்டி அதனைப் பெற வேண்டியதில்லை.

நிபந்தனை மதிப்பு

விளையாட்டு உலகம் இதற்கு நேர்மாறான ஒன்றை நம்புகிறது. வென்று காட்டு, உன்னை ஏற்றுக்கொள்கிறோம் என்பதே அதன் வாக்குறுதி. இதனை 'நிபந்தனை மதிப்பு' எனலாம். வெற்றியின்போது இந்நிபந்தனை கண்ணுக்குத் தெரிவதில்லை, தோல்வியின்போதே வெளிப்படும்.

2021 ஜூலை 31-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் வளைகோற்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். நாடு கொண்டாடியது. ஆகஸ்டு 4-இல் அரையிறுதியில் இந்திய அணி அர்ஜென்டினாவிடம் 1-2 எனத் தோற்றது. அன்று ஹரித்துவாருக்கு அருகிலுள்ள ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டின் முன் சிலர் கூடிப் பட்டாசு வெடித்து ஆடினர். அணியில் தலித்துகள் மிகுந்ததால்தான் தோல்வி என்று ஏசினர். சிறப்புக்கும் இழிவுக்கும் இடைப்பட்ட காலம் நான்கு நாள். அதற்கு ஒரு மாதத்திற்குள்ளாக, ஜூலை 11-இல் ஐரோப்பியக் கால்பந்து இறுதியாட்டத்தில் தண்ட உதையைத் தவறவிட்ட மார்கஸ் ராஷ்போர்டு, ஜேடன் சாஞ்சோ, புகாயோ சாக்கா ஆகிய மூன்று கறுப்பின இங்கிலாந்து வீரர்களுக்கும் இதுவே நேர்ந்தது. தோல்விக்கு அணி முழுவதும் பொறுப்பு. இழிவு மட்டும் பிறப்பைத் தேர்ந்து சென்றது.

மேல்சாதி வீரர் தோற்றால் அவர் மோசமாக ஆடினார் என்கிறோம். ஒடுக்கப்பட்ட வீரர் தோற்றால் அவர் சமூகமே தோற்றதாகிறது. தோற்பதற்கான உரிமை விளையாட்டின் அடிப்படை. இருவர் மோதினால் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். அவ்வுரிமை சிலருக்கு மறுக்கப்படுமானால், ஒரே விதிப்புத்தகத்தின் கீழ் அவர்கள் வேறொரு ஆட்டத்தை ஆடுகின்றனர் என்றே பொருள்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் நிலை இதனினும் கொடியது. அவர் தோற்கவில்லை. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று கூறிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தரங்கமான மருத்துவச் செய்தி ஊடகங்களில் பரவி, நாட்டின் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் ஒரு பெண்ணின் உடல் விவாதப் பொருளாயிற்று. அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி ரூ.15 இலட்சம் வழங்கிச் சிறப்பித்தது ஆறுதலான செயல். எனினும் 2007-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் நிலைக்குத் தள்ளப்பட்டார். பின்னர்ச் சில காலம் மீண்டும் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். நெடிய போராட்டத்திற்குப் பிறகே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக நிலைபெற்றார். பெண்கள் பிரிவில் யார் போட்டியிடலாம் என்ற வினா உலகத் தடகள அமைப்பில் இன்றும் விவாதிக்கப்படுகிறது. அதற்குள் இக்கட்டுரை புகவில்லை. எந்த விதி சரியாயினும், சோதிக்கப்படுபவருக்கு முதலில் விளக்கம் சொல்லாமல், துணைக்கு ஒருவரை வைக்காமல், முடிவை ஊருக்கு அறிவித்தது விதியின் தேவை அன்று. ஐயத்துக்குரிய உடலாகச் சோதனையிடப்பட்ட சுரங்கத் தொழிலாளியை இங்கு நினைக்காமல் இருக்க இயலவில்லை.

2014-இல் இதே போன்ற சிக்கலுக்கு ஆளான ஒடிசாவின் தூத்தி சந்துக்கு இந்திய விளையாட்டு ஆணையத்தின் ஆதரவும் அறிஞர் சிலரின் துணையும் கிடைத்தன. அவர் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் சென்றார்; 2015 ஜூலையில் அவ்விதி இடைநிறுத்தப்பட்டது. இருவருக்கும் இடையில் உள்ள வேறுபாடு மன உறுதியில் இல்லை. ஒருவருக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது, மற்றவருக்கு இல்லை.

செல்லப் பெயர்

இழிவு எப்போதும் பகைவரிடமிருந்தே வருவதில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் டேரன் சம்மி, ஐதராபாத் அணியில் தம்மைத் தோழர்கள் அழைத்த 'காலூ' என்ற பெயருக்கு என்ன பொருள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து 2020 ஜூனில் அறிந்து வருந்தினார். அன்பாக அழைத்தோம் என்பது இத்தகைய இடங்களில் வரும் விடை. அவ்விடை பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அன்பும் இருந்திருக்கலாம். புறநானூற்றுக் கவிஞருக்கும் அந்தக் கட்டில் பின்னுபவன்மீது இரக்கம் இருந்தது. இரக்கம் சொல்லை மாற்றவில்லை.

தமிழர் நிலை இன்னும் வியப்புக்குரியது. தலைவியின் மாமைக் கவினைப் போற்றிய மொழி நம்முடையது. மாயோனும் கருப்பசாமியும் நம் தெய்வங்கள். ஆயினும் தமிழகக் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த், தம் நிறத்திற்காகப் பதினைந்து வயது முதல் இகழ்ச்சியைக் கேட்டு வந்ததை 2017 ஆகஸ்டில் வெளிப்படையாக எழுதினார். 2021 நவம்பரில் இலக்குமணன் சிவராமகிருஷ்ணன், சொந்த நாட்டிலேயே வாழ்நாள் முழுவதும் நிறத்தால் பாகுபாட்டுக்கு உள்ளானதாகக் கூறினார். இருவரும் வறியவர் அல்லர், இந்தியாவுக்காக ஆடியவர்கள். நிறம் குறித்த இகழ்ச்சி அவர்களையே இப்படித் தொடர்ந்ததென்றால், மாவட்ட அணியின் தேர்வுக்கு மாரிக்குப்பத்திலிருந்து இரயிலேறிச் செல்லும் சிறுவனுக்குக் காத்திருப்பது என்ன? அவன் பேசும் தமிழுக்குப் பெங்களூரில் ஒரு நகைப்பு. அதே தமிழில் கலந்த கன்னடத்துக்குச் சென்னையில் மற்றொரு நகைப்பு. நக்கண்ணையார் கூறிய ஊரும் அன்று, நாடும் அன்று என்ற நிலை இவனுக்கு இரு பக்கமும் பொருந்துகிறது.

'ஆட்டத்தில் பதில் சொல்'

இழிவுக்கு ஆளான வீரருக்குப் பயிற்சியாளர்களும் பெற்றோரும் நண்பர்களும் கூறும் அறிவுரை ஒன்றே: பொருட்படுத்தாதே, ஆட்டத்தில் பதில் சொல். நல்லெண்ணத்தில் பிறந்த இவ்வறிவுரை அறவியல் நோக்கில் இரண்டு குறைகள் உடையது. குற்றம் செய்தவரை விட்டுவிட்டு, குற்றத்துக்கு ஆளானவரிடம் கூடுதல் உழைப்பைக் கேட்கிறது என்பது முதற்குறை. பிறர் ஆட்டத்தை மட்டும் ஆடினால் போதும். இவர் ஆட்டத்தையும் ஆடி, இழிவையும் விழுங்கி, வென்றும் காட்ட வேண்டும். இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது. ஆட்டத்தில் பதில் சொல் என்பது நிபந்தனை மதிப்பை ஏற்றுக்கொள்வதாகும். வென்றால் இழிவுக்கு விடையளித்தாய் எனில், தோற்றால் அவ்விழிவு மெய்யாகிவிடும். வந்தனாவின் வீட்டு வாசலில் கூடியவர்களின் தருக்கமும் இதுவே.

திருவள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்துள்ளாரே என்று வினவலாம். பொறுத்தல் வலியவரின் அணியாகும்போது அறம். பொறுப்பதைத் தவிர வேறு வழியில்லாதவர்மீது சுமத்தப்படும்போது அது வேறொன்று. மானம் என்ற அதிகாரத்தையும் அவரே வகுத்துள்ளார் என்பதை மறத்தல் கூடாது.

ஆஸ்திரேலிய ஆதிக்குடி வீரர் ஆடம் குட்ஸின் செயல் இவ்விடத்தில் உற்று நோக்கத்தக்கது. 2013 மே மாதம் ஆட்டத்தின் நடுவே பார்வையாளர் பகுதியிலிருந்து தம்மைக் குரங்கு என்று ஏசிய குரலைக் கேட்டு நின்று, அவரைச் சுட்டிக்காட்டினார். ஏசியவர் பதின்மூன்று வயதுச் சிறுமி. அச்சிறுமியைத் தண்டிக்க வேண்டாம், அவளுக்குத் துணை நில்லுங்கள் என்றே மறுநாள் அவர் கேட்டுக்கொண்டார். ஏசலை விழுங்கவும் இல்லை, ஏசியவரை வெறுக்கவும் இல்லை. இத்தகைய பெருந்தன்மைக்குக் கிடைத்தது என்ன? அடுத்த ஆண்டுகளில் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் அரங்கம் கூக்குரலிட்டது. கூக்குரலில் சொல் இல்லை; ஆகவே எவரையும் குற்றம் சாட்ட முடியாது. பலரும் ஆட்டத்தைத்தான் விமரிசிக்கிறோம் என்றனர். 2015-இல் அவர் ஓய்வு பெற்றார். ஆஸ்திரேலியக் கால்பந்து அமைப்பும் சங்கங்களும் வருத்தம் தெரிவித்தது 2019-இல். தனி வீரரின் அறம் எவ்வளவு உயர்ந்ததாயினும், கரையில் நிற்போர் மாறாதவரை அது அவரைக் காப்பாற்றவில்லை.

அண்மையில் தமிழ்த் திரைப்படங்கள் இவ்விடத்தைத் தொட்டுள்ளன. வடசென்னைக் குத்துச்சண்டையைக் கொண்ட 'சார்பட்டா பரம்பரை' (2021), கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவிய 'பைசன்' (2025) ஆகியன வீரரைச் சூழ்ந்த ஊரையும் சேர்த்துக் காட்டின. தமிழ்ப் புனைகதை இத்துறையில் பின்தங்கியே உள்ளது என்பது என் கருத்து. தங்கவயலின் திடல்களும் தாலிம் கூடங்களும் எழுதப்படாமலே மறைந்து வருகின்றன.

துணை நிற்றல்

துணை நிற்றல் என்பதைப் பெரும்பாலும் மனநல ஆலோசனையாகவே புரிந்துகொள்கிறோம். அது தேவைதான். சாந்திக்கு 2006-இல் அது கிடைத்திருக்க வேண்டும். ஆயினும் காயம் பட்டவருக்கு மருந்திடுவதோடு கடமை முடிவதில்லை. சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயலிலிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் விடியலுக்கு முன் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். அவர்களுள் பலர் பயிற்சிக்குரிய வயதினர். ஒருவரின் காலை நேரமும் மாலை நேரமும் இரயிலில் கழியுமானால், திறமை உள்ளவர் தாமாக மேலே வருவார் என்ற கூற்றுக்கு என்ன பொருள்? சயனைடு மண்மேட்டின் அடிவாரத்தில் பந்தடிக்கும் பிள்ளைகளுக்குக் காற்றடிக்கும் நாளில் எழும் தூசியும் விளையாட்டு நலன் சார்ந்ததே. இவற்றை வறுமையின் கணக்கில் எழுதிவிட்டு, இழிவைத் தனியே பேசுவது பொருந்தாது. மண்மேடு யார் வீட்டருகே கொட்டப்பட்டது என்பதில் இரண்டும் சேர்ந்தே உள்ளன.

அடுத்தது, புகார் சொல்லும் பொறுப்பு. 2021 ஜனவரியில் சிட்னி ஆட்டத்தின்போது எல்லைக்கோட்டருகே நின்ற முகமது சிராஜை நோக்கிப் பார்வையாளர் சிலர் ஏசினர். அவர் அணித்தலைவர் அஜிங்கிய ரகானேயிடம் கூறினார். ரகானே நடுவர்களிடம் கொண்டு சென்றார். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. ஆறு பேர் அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இந்நிகழ்வில் பாராட்டத்தக்கது வெளியேற்றம் மட்டுமன்று. ஏசப்பட்டவர் ஒருமுறை சொன்னார். அதன்பின் சொல்ல வேண்டியவற்றை மற்றவர்கள் சொன்னார்கள். ரோஷ்னாபாத் தெருவில் நடுவர் இல்லை. காவல் நிலையத்துக்குப் புகாருடன் சென்றவர் வந்தனாவின் உடன்பிறந்தவர்.

நம் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளை நடத்துகின்றன. அவற்றுக்கான விதிக் குறிப்பேடுகளில் காலணியின் வகை முதல் எதிர்ப்பு மனுவுக்கான கட்டணம் வரை எழுதப்பட்டிருக்கும். சாதி, நிறம், மொழி குறித்து ஏசினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம் என்ற விதியைச் சேர்க்கக் கூடுதலாக ஒரு பத்தி போதும். அம்மனுவை ஏசப்பட்டவர் அன்றி அணித்தலைவரோ உடற்கல்வி ஆசிரியரோ எதிரணியினரோ அளிக்கலாம் என்பதையும், அதற்குக் கட்டணம் இல்லை என்பதையும் அப்பத்தியிலேயே எழுத வேண்டும்.